தொய்ந்தாலும் சேர்ந்து தொய்யட்டும்



நெல்லையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வந்தவர்கள் முப்பந்தலில் பழைய காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். சில, இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்த கோபுரங்களில் நிற்பவை. திறந்தகுழல் தொலைநோக்கியின் அடிப்படையும் அதுவே. நான்கு சட்டத்தை ஆணியடித்துச் செய்த சதுரம் கை பட்டால் சரியும், முக்கோணம் சரியாது.

1935இல் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்குச் சட்டகம் வகுத்த மார்க் செருரியர், வளையாத இரும்பைத் தேடி அலையவில்லை. 14 டன்னுக்கும் மேற்பட்ட கண்ணாடி ஒரு முனையில் இருந்தால் எதுவும் தொய்யத்தான் செய்யும். மேலும் கீழும் ஒரே அளவு தொய்யட்டும், ஆனால் ஆடிகள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கட்டும் என்று கணக்குப் போட்டார். நம் காவலூர் வானாய்வகத்தில் 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் திறந்த சட்டகம் கொண்டதே. 

ஆர்வலர்கள் வீட்டில் கட்டும் எட்டுக்கால் டாப்சோனியன் தொலைநோக்கியில் செருரியர் சட்டகத்தின் மேல்பாதி மட்டுமே உண்டு. ஆகவே தொய்வைக் குறைத்தே தீரவேண்டும். எதைக் கொண்டு?

எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. எஃகே மேல் என்று முடிவுகட்ட வேண்டாம். அடர்த்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. ஒரே எடைக்கு இரண்டும் சமம்தான். அந்த எடையில் அலுமினியக் குழாய் பருமனாகக் கிடைக்கும், அதிர்வு குறையும் என்பதே அதன் லாபம். ஒன்றரை மீட்டர் அலுமினியக் கால் 10 டிகிரி குளிர்ந்தால் 0.35 மில்லிமீட்டர் சுருங்கும். எல்லாக் கால்களும் சேர்ந்து சுருங்குவதால் குவியத்தைச் சரிசெய்தால் போதும். கார்பன் இழை அநேகமாகச் சுருங்காது. கண்ணால் பார்ப்பவருக்கு அந்தச் செலவு வீண்.

பெரும்பாலான தொய்வு குழாயில் இல்லை, அதன் நுனியில் இருக்கிறது. குழாயை நசுக்கிப் போட்ட துளை, அதில் ஆடும் போல்ட், முறுக்கினால் நெளியும் பிளைவுட். லேசரைப் பொருத்தி, குழலை உச்சியிலிருந்து அடிவானத்துக்கு இறக்கிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி மெல்ல நகராமல் ஒரு துள்ளலாகத் தாவினால், குற்றவாளி பிடிமானம்தான். எஃப் 4 கண்ணாடியில் வால்பிறழ்வு (கோமா) இல்லாத தெளிவட்டத்தின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தாவலுக்கு அங்கே இடமேது?

குளச்சல், முட்டம் பக்கத்து ஆர்வலருக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகப் பட்டால் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர் போடலாம். கண்ணாடியைத் தாங்கும் பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குவது நல்லது. சட்டகத்தைச் சுற்றும் கறுப்புத் துணி உறையை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கட்டினால் அது பாயாகிவிடும். அங்கே உறை வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் கட்டுரை வாசிப்பவர்கள் குழாயின் விட்டம், சுவர்த் தடிமன் ஆகியவற்றோடு, உச்சியிலிருந்து அடிவானம் வரை லேசர் புள்ளி நகர்ந்த தூரத்தையும் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. முதல் அமர்வு இணைப்புகளைப் பற்றியது.