வயிற்று மாத்திரையும் பெருங்குடலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம ஹாஸ்டல் மெஸ் குருமாவுக்கு நெஞ்செரிச்சல் வராத ஆள் யாரு? இன்று நம் வயதுக்காரர் பலர் சட்டைப்பையில் ஓமிப்ரசோல். குடல்நோய் மருத்துவனான நானே, கேட்பாரில்லாமல் மூன்று வருடம் விழுங்கினேன்.

இரைப்பையை அமிலம் சுரக்கச் சொல்வது கேஸ்ட்ரின் ஹார்மோன். 1905-இல் எட்கின்ஸ் கண்டறிந்தது. மாத்திரை அமிலத்தை அடக்கினால், 'போதவில்லை' என்று உடம்பு கேஸ்ட்ரினை இன்னும் அதிகமாக அனுப்பும். செல்களை வளரத் தூண்டும் குணம் அதற்கு உண்டு. பெருங்குடலின் உட்சவ்வும் தூண்டப்பட்டுப் புற்றுநோய் வருமோ என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். 2007-இல் பிரிட்டன், டென்மார்க் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வழக்கமான அளவில் சாப்பிட்டவர்களிடம் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

அதற்காக மிட்டாய் மாதிரி சாப்பிடலாமா? அமிலம் நம் காவல்காரன். அவன் தூங்கினால் கிருமி உள்ளே போகும். பெருங்குடலைத் தாக்கும் 'டிஃபிசைல்' கிருமியின் வயிற்றுப்போக்கு பற்றி, 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

சட்டென்று நிறுத்தினாலும் வம்புதான். கேஸ்ட்ரின் தூண்டிவிட்ட இரைப்பை அமிலத்தைக் கொட்டும். நான் அப்படி நிறுத்தி, ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு படிப்படியாகத்தான் குறைத்தேன்.

அல்சர், ரத்தக்கசிவு உள்ளவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மருந்துச் சீட்டை எடுத்து, தேதியைப் பாருங்கள். அது போதும்.