மிசிசிப்பியின் பாஸ்புக்: ஒரு பெரிய நிலத்தின் தண்ணீர்க் கணக்கு

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் இன்றைக்குச் சொல்லப்போவதும் ஒரு வரவு செலவுக் கணக்குதான். பணத்துக்குப் பதில் தண்ணீர், அவ்வளவே.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 32 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம் இந்தியா அளவு. அந்த நிலத்துக்கு வரவு ஒன்றுதான்: மழையும் பனியும். செலவு இரண்டு. மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் ஆவியாகிப் போவது ஒன்று, ஆற்றில் ஓடிக் கடலில் சேர்வது மற்றொன்று. மீதி மண்ணுக்குள் இருப்பு.

கேட்க எளிது. சிக்கல் எங்கே? மழையை மானி வைத்து அளக்கலாம். ஆற்று ஓட்டத்தையும் அளக்கலாம். ஆவியாவதை இவ்வளவு பெரிய பரப்பில் நேரடியாக அளக்க வழியில்லை. செலவில் பெரும்பகுதி அதுதான்! பெரிய செலவுக்கே வவுச்சர் இல்லாத கணக்கு இது.

அதற்காகத்தான் கம்ப்யூட்டர் மாடல்கள். நாசா, அமெரிக்க வானிலைத் துறை, சில பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவைச் சுமார் 12 முதல் 14 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தார்கள். 1979 முதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு. முக்கியமான விஷயம், கணக்கு எழுத ஒரு மாடலை நம்பவில்லை. நோவா, மொசைக், விக், சாக் என்று நான்கு. நான்குக்கும் அதே மழை, அதே வெயில், அதே காற்று.

ஒரே வவுச்சர்களை நான்கு கிளார்க்குகளிடம் கொடுத்தால் ஒரே விடை வர வேண்டும் அல்லவா? வரவில்லை. மொசைக் ஆவியாதலை அதிகமாகவும் ஆற்று ஓட்டத்தைக் குறைவாகவும் காட்டும் போக்குடையது. விக் அதற்கு நேர்மாறு. வேர் எவ்வளவு ஆழம் போகும், மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அனுமானம். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

இதில் வேடிக்கை, நான்கு கணக்கும் தனித்தனியே டேலி ஆகும். வரவும் செலவும் சரியாகப் பொருந்தும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று ஆகிவிடாது என்பது பி.காம். முதல் வருடப் பாடம். அதனால் ஆறுகளில் உள்ள அளவீட்டு நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டார்கள். வங்கியில் இதை ரீகன்சிலியேஷன் என்போம். பல இடங்களில் நான்கின் சராசரி, தனி மாடல்களைவிட உண்மைக்கு அருகில் வந்தது. ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் சொல்லும்போது பிழைகள் ஓரளவு கழிந்துபோகின்றன.

ஆனால் சராசரியும் வேதவாக்கு அல்ல. நான்கும் ஒரே பக்கம் தவறினால் சராசரியும் அதே பக்கம்தான் தவறும். உதாரணம், அதே அமெரிக்காவின் ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை. பாசனத்துக்காக அங்கே பல பத்தாண்டுகளாக நீரை உறிஞ்சி வருகிறார்கள், மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. நான்கு மாடல்களிலும் போர்வெல் பாசனத்துக்குக் கணக்குத் தலைப்பே கிடையாது. கணக்கியலில் இதை விடுபாட்டுப் பிழை என்போம். எழுதாமல் விட்ட பதிவை எந்த ட்ரையல் பேலன்ஸும் காட்டிக்கொடுக்காது. 2002இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் மாற்றத்தை வைத்து மொத்த நீர் இருப்பின் ஏற்ற இறக்கத்தை எடை போட்டன. இப்படி வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தால்தான் விடுபட்டது தெரியும்.

இதனால் யாருக்கு என்ன? அங்கே வாரந்தோறும் வறட்சி வரைபடம் வெளியாகிறது. அதைத் தயாரிப்பவர்கள் பார்க்கும் தகவல்களில் இந்த மண் ஈரக் கணக்கும் ஒன்று. கடும் வறட்சி என்று அந்த வரைபடம் காட்டும் பகுதியில் கால்நடை வளர்ப்போருக்கு அரசு நிவாரணம் கிடைக்கிறது. கணக்குத் தவறினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கை வைத்தது போலாகும்.

அன்பர்களே, தண்ணீரைப் பற்றி யாராவது ஒரே ஒரு எண்ணை உறுதியாகச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வழியில் கணக்கிட்டீர்கள்? அந்த விடைகளுக்குள் வித்தியாசம் எவ்வளவு? எதைக் கணக்கில் சேர்க்கவில்லை?

நம் குடியிருப்புக்கும் இது பொருந்தும். லாரித் தண்ணீருக்கு பில் இருக்கிறது. போர்வெல் தண்ணீருக்கு பில் வருவதில்லை என்பதால் அது செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. போர்வெல் குழாயில் ஒரு மீட்டர், கிணற்று மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் பதிவு. இந்த இரண்டும் இருந்தால், அடுத்த கோடைக்கு எவ்வளவு லாரி வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாகப் பேசாமல் கணக்கு வைத்துப் பேசலாம். நோட்டு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அது பழகிய வேலைதான்.