வெறும் போத்தலின் விலை



2024 மார்ச் மாதம் டெல்லி பொலிஸின் குற்றப் பிரிவு ஒரு கும்பலைப் பிடித்தது. கைப்பற்றப்பட்டவை புற்றுநோய்க்கான ஊசி மருந்துக் குப்பிகள். குப்பி அசல். அதில் ஒட்டியிருந்த லேபிளும் அசல். உள்ளே இருந்ததுதான் வேறு: பங்கசுத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஃப்ளூகொனசோல் என்ற மலிவான மருந்து. நோயாளிக்கு மருந்தேற்றிய பின் எஞ்சும் வெறும் குப்பிகளை, மருத்துவமனைகளில் வேலை செய்த சிலரிடமிருந்தே சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, மறுபடி நிரப்பி விற்றார்கள் என்பது பொலிஸ் சுமத்திய குற்றச்சாட்டு. அப்படி நிரப்பப்பட்டவற்றில் ஒன்று கீட்ரூடா என்ற புற்றுநோய் மருந்தின் குப்பி. அசல் மருந்து ஒரு குப்பி அங்கே ஒரு இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டும். நகையை அடகு வைத்து அதை வாங்கும் குடும்பத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பணம் போனது மட்டுமல்ல, மருந்து வேலை செய்யவேண்டிய நாட்களும் போய்விட்டன.

போலி மருந்து என்றதும் எங்கோ ஒரு இருட்டறையில் லேபிள் அச்சடிக்கிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே எதையும் அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை. கம்பனி செலவழித்து அச்சடித்த லேபிளும், தொகுதி இலக்கமும், காலாவதித் திகதியும் குப்பியோடு சும்மா கிடைத்தன.

ஆகவே போத்தலை வடிவமைப்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடவேண்டும். எனக்கு முன்பே யாராவது இதைத் திறந்தார்களா என்பது முதலாவது. நான் திறந்து முடித்த பிறகு இதை இன்னொருவர் நிரப்பி விற்க முடியுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு உலகம் நல்ல பதில்களைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவதில்தான் இன்னும் தடுமாறுகிறது.

முதல் கேள்வியை உலகம் கற்றுக்கொண்டது ஒரு பெருந்துயரத்திலிருந்து. 1982 செப்டெம்பர் இறுதியில், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் டைலனோல் என்ற வலி மாத்திரையை விழுங்கிய ஏழு பேர் இறந்தார்கள். கடையில் இருந்த போத்தல்களை யாரோ திறந்து, மாத்திரைக் கூடுகளுக்குள் சயனைட்டைப் போட்டு, மூடி வைத்திருந்தார்கள். யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில வாரங்களில் மாத்திரை மறுபடி கடைக்கு வந்தபோது பெட்டியின் மடிப்புகள் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தன, மூடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டி இருந்தது, போத்தலின் வாயை ஒரு மென்தகடு அடைத்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க அரசும் இத்தகைய பாதுகாப்பை விதியாக்கியது.

இன்று நம் கையில் கிடைக்கும் தண்ணீர்ப் போத்தலிலும் அதே எண்ணம்தான் இருக்கிறது. மூடிக்குக் கீழே ஒரு வளையம். மூடியையும் வளையத்தையும் நூலளவு மெல்லிய பிளாஸ்டிக் இணைப்புகள் பிடித்திருக்கும். முதல் தடவை திருகும்போது அவை அறுந்து, வளையம் கழுத்திலேயே தங்கிவிடும். அந்த ‘டிக் டிக்’ சத்தம் அறுபடும் இணைப்புகளின் சத்தம். இணைப்பு தடித்தால் வயதானவரால் திறக்க முடியாது, மெலிந்தால் லொறியில் வரும்போதே அறுந்துபோகும். இந்த நடு அளவைக் கண்டுபிடிப்பதில்தான் பொறியியலாளரின் திறமை இருக்கிறது. சாராயப் போத்தலின் அலுமினிய மூடி வேறு விதம். தொழிற்சாலையில் அது புரியில்லாத தொப்பியாகப் போத்தலின் மேல் வைக்கப்படும். பிறகு உருளைகள் அழுத்தி, கண்ணாடிக் கழுத்தின் புரியை அப்படியே அதில் பதிக்கும். அடிப்பட்டி அறுந்தால்தான் மூடி கழலும்.

இவை எல்லாம் ‘திறக்கப்பட்டது’ என்று சொல்லும் சாட்சிகள். ஆனால் புதிய மூடி ஒன்றை எங்கிருந்தாவது வாங்கிப் போட்டுவிட்டால் சாட்சியே மாறிவிடுகிறது. இரண்டாவது கேள்வி இங்கே எழுகிறது.

அதற்கு மிகத் தூய பதில் மிகப் பழையதும் கூட. 1886இல் பிரெஞ்சு மருந்தாளர் ஸ்தனிஸ்லாஸ் லிமூசான் அறிமுகப்படுத்திய அம்பியூல், அதாவது கழுத்தை உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குழாய். திறப்பதும் உடைப்பதும் ஒரே செயல். பிறகு அதை நிரப்பிப் பழையபடி காட்ட வழியே இல்லை. ஏன் எல்லா மருந்தையும் இதிலேயே அடைக்கக்கூடாது என்று கேட்கலாம். அம்பியூலைத் தீயில் உருக்கித்தான் மூடுகிறார்கள். சூடு தாங்காத மருந்துகளுக்கு அது சிக்கல். உடைக்கும்போது கண்ணாடித் துகள் விழும் அபாயமும் உண்டு. அதனால் விலை கூடிய புதிய மருந்துகள் பெரும்பாலும் இறப்பர் அடைப்பானும் அலுமினிய வளையமும் போட்ட குப்பியில் வருகின்றன. தாதி ஊசியை இறப்பரில் குத்தி மருந்தை எடுத்ததும் குப்பி முழு உருவத்தோடு அப்படியே நிற்கும். டெல்லியில் பயன்பட்டது இந்தக் குறைதான்.

மதுபான உலகம் இதே பிரச்சினையோடு நூறாண்டுக்கு மேலாகப் போராடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மறுபடி நிரப்ப முடியாத போத்தல்’ செய்வது அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களுக்கு ஒரு மோகமாகவே இருந்தது. காப்புரிமைகள் குவிந்தன, காசு பார்த்தவர்கள் குறைவு. காரணம் இயற்பியல். போத்தலிலிருந்து திரவம் வெளியே வரவேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். காற்றுக்கு விட்ட வழியே களவுக்கும் வழி. 1935 முதல் 1964 வரை அங்கே விற்கப்பட்ட மதுபானப் போத்தல்களின் கண்ணாடியிலேயே, இந்தப் போத்தலை மீண்டும் பயன்படுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. பொறிமுறை தோற்ற இடத்தில் சட்டத்தை எழுதி வைத்தார்கள்.

இன்று விஸ்கிப் போத்தல்களின் கழுத்தில் ஒரு சிறு குண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் அலெஸ்ஸாந்திரியாவில் 1954இல் தொடங்கிய குவாலா குளோசர்ஸ் போன்ற கம்பனிகள் செய்யும் அடைப்பு அது. சாய்த்தால் குண்டு விலகித் திரவத்தை விடும், நிமிர்த்தினால் வாயை அடைக்கும். மீன் பறி உள்ளே விட்டு வெளியே விடாது. இது அதற்கு நேர்மாறு. பொறுமையும் கருவியும் உள்ளவனை இதுவும் முழுதாகத் தடுக்காது. ஆனால் ஒரு போத்தலுக்கு அவன் செலவிடும் நேரத்தைக் கூட்டிவிடும். இலாபத்துக்காகச் செய்யும் களவில் நேரம் கூடினால் இலாபம் குறையும். வடிவமைப்பாளர் அடையக்கூடிய வெற்றி அதுதான்.

இலங்கையில் மதுவரித் திணைக்களம் போத்தல்களில் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. போலி ஸ்டிக்கரோடு வந்த போத்தல்களையும் அதே திணைக்களத்தின் அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். ஆகவே வெறும் காகிதம் மட்டும் போதாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 பெப்ரவரி 9 முதல் செய்வது கவனிக்கவேண்டியது. மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்துப் பெட்டிகளில் திறந்தால் தெரியும் பூட்டும் இருக்கவேண்டும், பெட்டிக்குப் பெட்டி மாறும் ஒரு தனி இலக்கமும் இருக்கவேண்டும். மருந்தைக் கொடுக்கும்போது அந்த இலக்கம் கணினியில் இரத்தாகிவிடும். அதே இலக்கத்தோடு இன்னொரு பெட்டி வந்தால் உடனே எச்சரிக்கை. அம்பியூல் கண்ணாடியால் செய்ததை இங்கே எண்ணால் செய்கிறார்கள்.

எந்தப் பூட்டும் எல்லாவற்றையும் காக்காது என்பதற்கு நம் நாட்டிலேயே வேதனையான உதாரணம் உண்டு. 2023இல் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மாத்தளையிலும் இம்யூனோகுளோபியூலின் ஊசி ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்தது. விசாரித்தபோது அந்த மருந்து போலி ஆவணங்கள் மூலம் விநியோகிக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார், விவகாரம் நீதிமன்றம் சென்றது. அந்தக் குப்பிகளின் மூடியை நடுவழியில் யாரும் திறந்ததாகப் பேச்சில்லை. தொழிற்சாலைக்கும் நோயாளிக்கும் இடையே யாரும் கை வைக்கவில்லை என்பதை மட்டுமே மூடி சொல்லும். உள்ளே முதலில் என்ன அடைத்தார்கள் என்பதைச் சொல்லவேண்டியது ஆய்வுகூடமும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும்.

வெறும் குப்பியை மறுபடி நிரப்பும் விஷயம் கொழும்பின் மாளிகாவத்தைக்கு அயல் நாட்டுச் செய்தி அல்ல. சிறுநீரக நோயாளிகளுக்கும் மாற்றுச் சிகிச்சைக்கும் உரிய தேசிய வைத்தியசாலை இருப்பது அங்கேதான். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் ஊசி மருந்துகள் சிலவற்றின் விலை மிக அதிகம். அப்படிப்பட்ட மருந்தின் வெறும் குப்பி எங்கே போகிறது என்று நோயாளியின் உறவினர் கேட்பதில் தவறே இல்லை. பக்கத்திலேயே பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகக் கடைகளின் தெரு. எஞ்சின் எண்ணெய்க் கலன் வாங்குகிறவர் மூடியைத் திறந்ததும் வாயில் ஒட்டிய அலுமினிய மென்தகடு சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

பழைய போத்தலும் பத்திரிகையும் எடுக்க வருபவர் நகரத்துக்கு நன்மை செய்கிறார், அவர்மீது சந்தேகப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி உருக்கப்பட்டு மறுபடி கண்ணாடியானால் நல்லதுதான். லேபிளோடும் மூடியோடும் முழுசாகப் போவதுதான் ஆபத்து.

நேயர்களே, இன்றே செய்யக்கூடியவை சில. மருந்துக் குப்பி, பால்மா டின், எண்ணெய்க் கலன், மதுபானப் போத்தல் எதுவானாலும் கொடுப்பதற்கு முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள், அல்லது மையால் குறுக்கே கோடு போடுங்கள். பிளாஸ்டிக் மூடியை வெட்டுங்கள். வீட்டில் ஏற்றிய ஊசி மருந்தின் குப்பியைக் குப்பையில் போடாமல், மருந்து தந்த வைத்தியசாலையிடமே திருப்பிக் கொடுங்கள். கடையில் வளையம் அறுந்த போத்தலைக் கண்டால் வாங்காமல் வருவதோடு நில்லாமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள்.