நிரந்தர நியமனம் கேட்குமுன்

அச்சகமொன்றில் மூன்றாண்டுகளாகத் தற்காலிக எழுதுவினைஞராயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். முழுநேர நிரந்தர நியமனம் கோரும் அவரது விண்ணப்பம் முழுவதும் குடும்பக் கஷ்டமே நிறைந்திருந்தது.

“தம்பி, இரக்கம் ஒருவேளைச் சோறு தரும், பதவி தராது. நீர் செய்த வேலையை எழுதும்” என்றேன்.

மறுவாரம் கொண்டுவந்த கொப்பியில், ஒப்புநோக்கல் முதல் காகிதக் கணக்கு வரை, அவரே பொறுப்பாய் நடத்தும் கருமங்கள் ஏழு இருந்தன.

இன்னொன்றும் கூறினேன். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தற்காலிக ஊழியருக்கும் முதலாளி குறைந்தது 12 வீதம் செலுத்துதல் வேண்டும். அது உரிமை; நிரந்தர நியமனமோ வேண்டுகோள். இரண்டையும் கலவாது பேசுக. “இப்போதில்லை” என விடை வரின், “எப்போது?” எனப் பணிவுடன் வினவுக.

வரும் திங்கட்கிழமை அவர் முதலாளியைக் காணவிருக்கிறார். விண்ணப்பத்துடன் கொப்பியும் செல்கிறது.