யாருடைய சொற்களில் காரணம்?

(திருவள்ளூரில் மாணவர் - தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு அக்கா, மாட்டுக் கடன் கேட்டு மனு போட்டிருந்தாங்க. 'தகுதி இல்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. "எதுல தகுதி இல்ல தம்பி?" என்றார்கள். "கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா, எனக்குத் தெரியாது" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காரணம் சொல்லாமல் தள்ளிவைப்பது நமக்குப் பழகிய விஷயமாச்சே!

இப்போது படத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் பற்றி 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப் பயிற்சி தந்தது 1,28,175 படங்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம்ம ஊர் மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. நம் சனங்களின் கண்ணைப் பார்த்துக் கற்ற இயந்திரம் அது. ஆனால் எதை வைத்து முடிவு சொல்லுது? உள்ளே லட்சக்கணக்கான எண்கள்தான். எண்ணிடம் போய் நியாயம் கேட்க முடியுமா?

2018இல் பீன் கிம் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். இரத்தக்கசிவு தெரியும் படங்களை ஒரு குவியலாகவும், சம்பந்தமில்லாத படங்களை இன்னொரு குவியலாகவும் கொடு. அந்தக் கருத்து இயந்திரத்துக்குள் எந்தத் திசையில் நிற்கிறது என்று பார். அந்தத் திசையில் கொஞ்சம் தள்ளினால் தீர்ப்பு ஏறுகிறதா என்று அள. இப்படி அளந்தபோது ஒரு தவறு பிடிபட்டது. நோயின் முதல் படிக்கு நுண்ணிய இரத்தநாளப் புடைப்புதான் அடையாளம். இயந்திரமோ அடுத்த படிக்குரிய இரத்தக்கசிவையும் அதில் சேர்த்துக்கொண்டிருந்தது. மருத்துவரால் 'இங்கேதான் தப்பு' என்று விரல் வைக்க முடிந்தது.

2020இல் இன்னொரு வழி வந்தது. முழங்கால் எக்ஸ்-ரேயைப் பார்த்து நேரே தீர்ப்புக்குப் போகாதே. எலும்புத் துருத்தல் உண்டா, மூட்டு இடைவெளி குறைந்ததா என்று முதலில் சொல், அந்தப் பதில்களை மட்டும் வைத்து முடிவெடு என்றார்கள். நடுவில் ஒரு பதில் தப்பென்றால் மருத்துவர் திருத்தலாம்; தீர்ப்பும் மாறும். எதிர்த்துப் பேச ஒரு இடம் கிடைக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம்.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஓர் இயந்திரம், படம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பதையும் கண்டுகொண்டது என 2018இல் தெரியவந்தது. அதாவது நுரையீரலோடு முகவரியையும் சேர்த்துப் படித்திருக்கிறது! காரணச் சொற்களை நடுவில் வைத்த இயந்திரங்களிலும், அந்தச் சொல்லுக்குரிய எண்ணுக்குள் வேறு தகவல் ஒளிந்து போகிறது என்று 2021இல் காட்டினார்கள். இதற்குக் 'கசிவு' என்று பெயர்.

கசிவை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். 'வீடு காலி இல்லை' என்பார்கள். உள்ளே இருக்கும் காரணம் நமக்குத் தெரியும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. சொல் போய்விடும். தெருவின் படம், கூரையின் நிறம், அஞ்சல் எண் எல்லாம் இருக்குமே! இயந்திரத்துக்கு அது போதும்.

ஆகவே மூன்று கேள்விகளை நாம் விடக் கூடாது. ஒன்று: என்ன காரணம்? இரண்டு: சொன்ன காரணம்தான் வேலை செய்ததா? மூன்று: காரணச் சொற்களின் பட்டியலைப் போட்டது யார்? பட்டியலில் 'சாதி' என்ற சொல்லே இல்லையென்றால், சாதி வேலை செய்ததா என்று சோதிக்கவே முடியாது.

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி), பொது அதிகார அமைப்பு தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. முடிவை இயந்திரம் எடுத்தாலும் பொறுப்பு அமைப்புடையதுதான். கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி, தங்கைகளே, அந்தச் சொற்பட்டியல் எழுதும் மேசையில் நீங்கள் உட்கார வேண்டும்.

அந்த அக்கா மறுபடியும் வருவார்கள். இந்த முறை 'தெரியாது' என்று சொல்ல மாட்டேன். கேட்டு எழுத ஒரு மனு, என் கையெழுத்தில், தயாராக இருக்கிறது.