மீட்டரில் யார் பெயர்?

(கேரி தீவில் தோட்டத் தொழிலாளர்களும் சிப்பந்திகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எண்ணெய் விலையும் மின்சார விலையும். இது பெரிய இடத்து விஷயம், நமக்கேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டும். வீட்டில் பிள்ளை படிக்க விளக்கு எரிய வேண்டும். ஆகவே இது நம் சம்பளச் சீட்டைத் தொடும் விஷயம்.

நடந்தது என்ன? நெடுங்காலமாக அரசாங்கம் தன் பணத்தைப் போட்டு எண்ணெய் விலையைக் குறைத்து வைத்திருந்தது. மூன்று கார் வைத்திருப்பவருக்கு அதில் அதிக லாபம். ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் லாபம். இது நியாயமல்ல, தேவைப்பட்டவருக்கு மட்டும் மானியம் கொடுப்போம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி மேற்கு மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 2025 ஜூலை 1-ஆம் தேதி மின்சாரக் கட்டண முறை மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் ரோன் 95 பெட்ரோல், தகுதியுள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்றும், மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு என்றும் தொடங்கியது.

பணக்காரருக்குப் போகும் மானியத்தை நிறுத்துவதை நாம் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: உதவி எந்த வழியாக வருகிறது? அந்த வழியில் நம் வீடு இருக்கிறதா?

டீசலுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவித்தார்கள். அது டீசல் வாகனம் வைத்திருப்பவருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் உரியது. பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. பெட்ரோல் சலுகைக்கு மைகார்டும் நடப்பிலுள்ள லைசென்சும் வேண்டும். லைசென்ஸைப் புதுப்பிக்காதவர் மாதம் 30 லிட்டர் போட்டால், தொடக்கத்தில் இருந்த 61 காசு வித்தியாசத்தில் 18 வெள்ளி 30 காசு கூடுதலாகப் போனது. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது சிறிய தொகையல்ல. நம் பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச சகோதரருக்கோ இந்தச் சலுகை அறவே இல்லை.

மின்சாரத்துக்கு வருவோம். புதிய முறையில் மாதம் 600 யூனிட்டுக்குள் செலவாகும் வீட்டுக்கு 10 வெள்ளிச் சில்லறைக் கட்டணம் தள்ளுபடி. மாதாமாதம் மாறும் எரிபொருள் கட்டணமும் இல்லை. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக வசூலிக்கும் 1.6 விழுக்காடும் 300 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்குக் கிடையாது. நல்ல ஏற்பாடு! லயத்து வீடு பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் இவை யாவும் தனி வீட்டுக் கணக்கு உள்ளவருக்குத்தான். லயம் முழுவதற்கும் ஒரே பெரிய மீட்டர் வைத்துப் பங்கு பிரிக்கும் இடத்தில், யூனிட் ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். சலுகை வாசலோடு நின்றுவிடும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. மின்சாரத்தைப் போதுமான அளவு கொடு என்று மட்டுமே சொல்கிறது.

அடுத்தது சூரிய சக்தி. கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் பெரிய மின்நிலையம் நிலக்கரியை எரிப்பதை நாம் அறிவோம். நிலக்கரி கடல் கடந்து வருவது. உலகச் சந்தையில் விலை ஏறினால் நம் பில்லும் ஏறும். வெயிலுக்கு விலையில்லை. ஆகவே 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்று 2023-இல் அரசாங்கம் திட்டம் வகுத்ததை நாம் வரவேற்கிறோம். 2024-இல் கூரையில் சூரியத் தகடு போடுவோருக்கு 4,000 வெள்ளி வரை கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் நமக்குக் கூரை ஏது? லயத்துக் கூரை தோட்டத்தின் கூரை. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் இந்தப் புதிய சக்தியில் நம் உழைப்பு முன்னரே கலந்திருக்கிறது. செம்பனை ஆலையின் கொதிகலனில் எரிவது நாம் வெட்டிய குலையின் நாரும் ஓடும். ஆலைக் கழிவிலிருந்து எடுக்கும் வாயுவிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். உழைப்பில் பங்குண்டு, பலனில் பங்கில்லை என்றால் அது முறையாகுமா?

தமிழ்நாட்டில் 2016-இல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள். கூரை யாருடையது என்ற கேள்வி அங்கே இல்லை. வீட்டுக்கு இணைப்பு இருந்தால் போதும். மீட்டர் ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு தொழிலாளர் வீட்டுக்கும் தனி மீட்டர், குடியிருப்பவர் பெயரில் வீட்டுக் கணக்கு. இரண்டு, லயத்துக் கூரையில் சூரியத் தகடு போட்டால் அதன் பலன் குடியிருப்பவரின் பில்லில் கழிய வேண்டும். இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும். மூன்று, லைசென்ஸ் இல்லாதவருக்கு வழி செய்ய வேண்டும். வசதி குறைந்தவருக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸை இலவசமாக எடுத்துக்கொடுக்கும் மைலேசன் திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு நடத்தியிருக்கிறது. அத்தகைய வாய்ப்பு தோட்டத்துக்கும் வந்து சேர வேண்டும்.

கேட்பதற்குக் கணக்கு வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் மின்சார பில்லையோ, சம்பளத்தில் பிடித்த சீட்டையோ கொண்டுவாருங்கள். மீட்டர் யார் பெயரில், எத்தனை யூனிட், எவ்வளவு பிடித்தம் என்பதைக் கிராணிமார் வீடு வீடாக எழுதிக் கொடுப்போம். செக்ரோல் எழுதும் கைக்கு இது பெரிய வேலையல்ல. கணக்கு கையில் இருந்தால் மேசையில் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.