வீட்டு வரி ரசீதில் இருந்த நூலகம்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக்குல பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

போன வருஷம் வீட்டு வரி கட்டின ரசீதைப் பார்த்தேன். குழுக் கணக்கு நோட்டு எழுதி எழுதி, எந்தச் சீட்டு கையில வந்தாலும் முழுசாப் படிக்கிற புத்தி வந்துடுச்சு. அதில் 'நூலக வரி' என்று தனியாகப் போட்டிருந்தது. விசாரிச்சா, வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகுதாம். 1948-ல் வந்த நூலகச் சட்டத்திலிருந்தே இந்த வரி இருக்காம். கல்யாணமாகி வந்து பதினாறு வருஷமா கட்டுறோம். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. சேமிப்பு மட்டும் கட்டிட்டுக் கடனே கேட்காத உறுப்பினர் மாதிரிதானே இது?

மறுநாள் சாயங்காலம் போனேன். ஃபேனுக்குக் கீழே நாலு ஆம்பளைங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. "யாரும்மா வேணும்?" என்று ஒருத்தர் கேட்டார். புத்தகம் வேணும்னு சொல்ல வாய் வரலை. "பையன் வந்தானான்னு பார்க்க வந்தேன்" என்று பொய் சொல்லிட்டுத் திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்து என் மேலேயே கோபம். பேங்க் மேனேஜர்கிட்டே லோன் கேட்டுப் பேசினவள் நான்!

அடுத்த முறை எங்கள் குழுப் பிரதிநிதியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பொம்பளை பேரும் இல்லை.

உறுப்பினராகி முதலில் எடுத்தது ஆடு வளர்ப்புப் புத்தகம். அப்புறம் கதைப் புத்தகங்கள். நான் படிக்கிறதைப் பார்த்த எங்க அத்தை, "எனக்கும் ஆசைதான், எழுத்து தெரியலையே"ன்னாங்க. அஞ்சாவது படிச்சவங்க. கண் ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து பிடிபடலை.

அதைக் கேட்டு என் தம்பி, தான் வச்சிருந்த பழைய கிண்டிலைக் கொடுத்தான். அதில் எழுத்தை வேணுங்கிற அளவுக்குப் பெரிசாக்கலாம். செல்போன் மாதிரி கண் கூசாது. ஒரு தரம் சார்ஜ் போட்டா வாரக்கணக்கா நிக்குது. 1998-லிருந்து நடக்கிற மதுரைத் திட்டத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்குது. தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் நிறைய இருக்கு. ஆனா அதில் பலதும் பக்கத்தை அப்படியே படம் எடுத்தது, எழுத்தை மட்டும் பெரிசாக்க முடியலை. அத்தை பக்கத்துக்கு ஆறேழு வரி வர்ற மாதிரி வச்சுக்கிட்டு விரல் வச்சுப் படிக்கிறாங்க. சாப்பிடக் கூப்பிட்டா, "இருடி, இது முடியட்டும்"ங்கிறாங்க.

இதைக் குழுக் கடனில் வாங்குங்கன்னு நான் சொல்லலை. ஆயிரக்கணக்கில் விலை. நூலகத்துக்கு நாம ஏற்கெனவே பணம் கட்டியாச்சு.

அந்தப் பதிவேட்டில் இப்போ ஏழு பெண்கள் பேரு இருக்கு. எங்க ஊர் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மத்த நாளில் அஞ்சு மணிக்கு மேல் அங்கேதான் இருப்பேன். தனியா வரக் கூச்சமா இருந்தா, வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிடுங்க.